மூன்றாவது அலசல்

என் மாமியாருக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் முப்பது வருட வேலை. கறையைக் கண்டால் அவருக்குப் பகையாளியைக் கண்ட மாதிரி.

எனக்கு அப்போது கர்ப்பத்தின் முப்பத்து நாலாவது வாரம். மதியம் தூங்கி எழுந்தால் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். வலி துளியும் இல்லை. முதல் கவலை குழந்தையைப் பற்றி வரவில்லை. அது அவருடைய புது விரிப்பு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"அப்ப ஒண்ணுமில்ல. படு."

நாப்கின் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்தத் தடித்த விரிப்பை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும் என்பது அவர் வேதம்.

ஒரு அலசல் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதில் பாதியிலேயே குழாய் நின்றது. அவர் எந்த வேலையையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. அப்போதுதான் நான் எழப் பார்த்தேன்.

ஈரக்கையோடு வந்தார். "எந்திரிக்காத. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

பஸ் டிரைவரான என் கணவர் அந்நேரம் ஐம்பது பேரோடு பாதி வழியில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எவ்வளவு போச்சு?" என்றார்.

"கொஞ்சந்தான்," என்றேன். நல்ல மருமகள் எதையும் கொஞ்சமாகத்தான் சொல்வாள்.

மாமியார் ஈர விரிப்பைப் பையோடு மேசைமேல் வைத்தார். "மூணாவது அலசல்லயும் தண்ணி வெளுக்கல. அவ பேச்சக் கேக்காதீங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையுறை மாட்டிய பயிற்சி டாக்டரிடம், "உள்ள கை வைக்காதீங்க. முதல்ல ஸ்கேன்," என்றார்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

"இதுல வலி இருக்காதும்மா. கடைசி மாசங்கள்ல ஒரு சொட்டு பட்டாலும், வலிச்சாலும் வலிக்காட்டியும் உடனே வந்துடணும்."

"படுன்னு சொன்னது நான்தான்," என்றார் மாமியார். அவரை யாரும் கேட்கவில்லை.

ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலமே ஆபரேஷன். எனக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு எல்லோரையும் முறைத்தாள்.

இருபது நாள் கழித்து அவளோடு வீடு வந்தோம். அலமாரியில் அந்த விரிப்பு மடித்து வைத்திருந்தது. நடுவே பழுப்பாக ஒரு வட்டம்.

"போகலையா அத்தை?"

"தேய்க்கல."

"ஏன்?"

குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனிமே நான் யாரையாச்சும் வலிக்குதான்னு கேட்டு அதோட விட்டேன்னா, இத என் முன்னாடி விரி."