தண்ணிய வித்தவன் முகம்

1

என் பேரு நிக்கானோர். வயசு இருபத்திமூணு. மெக்சிகோ நகரத்துல, போர்த்தாலெஸ் சந்தைக்குப் பின்னாடி ஒரு மொட்டமாடி ரூம்ல உக்காந்து போன்ல பேசிட்டிருக்கேன். நான் பேசப் பேச அது எழுதுது. சான் பெர்னாபேல இருக்கற எங்க வீட்டுக்கு. ஹசிந்தா அக்கா, நீதான் இத சத்தமா படிக்கணும். அப்பா கேக்கணும்.

இது எதுக்குக் கதையாச்சுன்னு மொதல்லயே சொல்லிடறேன். சேதியா சொன்னா, ஓவியர்ங்கற வார்த்தையிலயே அப்பா எந்திரிச்சு அடுப்புப் பக்கம் போயிடுவாரு. கதைன்னா உக்காந்து கேப்பாரு. அதனால தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன்.

2

மொத ஆரம்பம்: அன்னிக்கு சந்தையில நல்ல வெயில்... வேணாம். வெயில யாரு கேட்டா.

ரெண்டாவது: மகா ஓவியர் ஃபிதென்சியோ பாரியென்தோஸ் ஒரு டிராம் ஓட்டறவரோட மகன். மந்திரியோட ஆபீஸ் சுவத்துலயே மந்திரியப் பன்னியா வரஞ்சு, ஜெயிலுக்குப் போயி, ஜெயில் சுவத்துலயும்... இது பள்ளிக்கூடப் பாடம். அழி.

(அழின்னு சொன்னா அதையும் சேத்து எழுதுது. இருக்கட்டும். அவரு வேலையும் அப்படித்தான். ஈரச் சுண்ணாம்புல வச்ச வர்ணம் காஞ்சா சுவரோட சுவராயிடும். பிடிக்கலேன்னா கொத்தித்தான் எடுக்கணும்.)

மூணாவது, இதுதான் சரி: எங்கப்பா மெலித்தோன் ரொட்டி சுடறவரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி, எங்க ஊர் சந்தக் கட்டடத்துல படம் வரைய அந்த ஓவியர் வந்தாரு. சதுக்கத்துல அப்பாவப் பாத்து, வந்து நில்லுன்னாரு. அப்பா புதுச் சட்ட போட்டுட்டுப் போயி நின்னாரு. கைய நீட்டுன்னாரு, நீட்டினாரு. என்னய வீரனா வரையறாங்கன்னு அம்மாகிட்ட பெருமையடிச்சாரு. தெறப்பு விழாவுல துணிய இழுத்தா, ஊரோட தண்ணி ஊத்த ஆலைக்காரனுக்குப் பத்திரம் எழுதிக் குடுக்கறானே ஒரு துரோகி, அவன் கழுத்துக்கு மேல அப்பா முகம்.

அப்பா ஒரு குடம் தண்ணிகூட வித்ததில்ல. ஆனா ஊருல எல்லாரும் சரித்திரம் படிச்சது அந்தச் சுவத்தப் பாத்துத்தான். பள்ளிக்கூடத்துல என் பேரு "டேய் தண்ணி". அப்பா இன்னிக்கும் பின்வாசல் வழியாத்தான் சந்தைக்கு ரொட்டி கொண்டு போறாரு.

3

இந்த ஓவியர்ங்கற பாத்திரம் மேல எனக்கே சந்தேகம். வில்லனா வச்சா கதை நல்லா ஓடும். ஆனா நான் வேல பாக்கற ஜூஸ் கடைக்குத் தெனம் வந்து, பீட்ரூட் ஜூஸ் குடிச்சு, வாயெல்லாம் செவப்பா நிக்கற கெழவர எப்படி வில்லனாக்கறது?

திங்கக்கெழம என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு.

"டேய், உன்ன நான் வரஞ்சிருக்கேன்."

"என்னய இல்ல. எங்கப்பாவ. சான் பெர்னாபேல."

கடைக்காரம்மா ஒப்துலியா ஆரஞ்சப் பிழியறத நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லியிருக்கேன்.

"ஏன் வாத்தியாரே, துரோகிக்கு வேற மூஞ்சியே கெடைக்கலயா? உங்க மூஞ்சிய வைக்க வேண்டியதுதான?" ன்னு அவங்கதான் கேட்டாங்க.

"என் மூஞ்சிய நம்பி எவன்மா ஒரு கோழிக்குஞ்சக் குடுப்பான்?" அவருக்குக் கோவமே வரல. "திருட்டு முழி முழிக்கறவன்கிட்ட ஊரு ஊத்தக் குடுக்குமா? கண்ண மூடிட்டு நம்பற முகமா இருக்கணும். அந்தச் சதுக்கம் பூரா தேடினேன். ரொட்டிக்காரன் ஒருத்தனுக்குத்தான் அப்படி இருந்துச்சு."

"இத எங்கப்பாகிட்ட சொன்னீங்களா?" நான் கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? அதான் சுவத்துல இருக்கே."

"ஆமா, ஊரு அதப் படிச்ச லட்சணத்தத்தான் பாக்கறோமே," ன்னாங்க ஒப்துலியா. "இந்தாங்க, இன்னிக்கு உப்பப் போட்டுத் தரேன், குடிங்க."

குடிச்சாரு. முகத்தச் சுளிச்சாரு. முழுசாக் குடிச்சாரு.

4

அப்பா, எந்திரிக்காதீங்க. இனிமேதான் விஷயம்.

போன நிலநடுக்கத்துல அந்தச் சுவத்துல உங்க முகம் இருக்கற துண்டு மட்டும் வெடிச்சுப் போச்சு. நீங்க அந்தப் பக்கம் போறதில்ல, பாத்திருக்க மாட்டீங்க. வெள்ளிக்கெழம அவரு வந்து அதக் கொத்திட்டு, புதுச் சுண்ணாம்பு பூசி, காயறதுக்குள்ள வரையப் போறாரு. போட்டோவப் பாத்து வரைய மாட்டாராம். முன்னாடி ஆள் உக்காரணும்.

படத்துல உங்க கையில இருக்கற பத்திரத்த எடுத்துட்டு ரொட்டி வைங்கன்னு கேட்டுப் பாத்தேன். "கை நல்லாருக்கு. நல்லா இருக்கற சுவத்துல நான் உளி வைக்க மாட்டேன்" ன்னுட்டாரு.

"சரி, எங்கப்பா வரலேன்னா?"

"அன்னிக்கு சதுக்கத்துல நிக்கறவன். நல்ல முகமாப் பாத்து."

5

ஒரு முடிவு: அப்பா வரல. முகம் போயிடுச்சு. கறிக்கடை ருப்பேர்த்தோ மகன் புதுச் சட்டயோட போயி நிக்கறான். அவனுக்கு ரெண்டு குழந்தைங்க. அடுத்த "தண்ணி" அதுங்கதான்.

இன்னொன்னு: அப்பா முன்வாசல் வழியா வராரு, மாவுக் கையோட. ஊரே பாக்க உக்காரறாரு. ஏன் இந்த முகம்னு அப்பா கேக்கறாரு. ஓவியர் எங்க கடையில சொன்னத ஊர் முன்னாடியும் சொல்றாரு. (கேட்டா சொல்வேன்னு என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. கேக்காம சொல்ற ஆளு இல்ல.)

மூணாவது: நான் வந்து உக்காரறேன். அதே முகம்தான. இங்க லீவு சொல்லியாச்சு. என்னய எவன் எப்படிக் கூப்பிட்டாலும் இப்பல்லாம் எனக்கு... விடுங்க. ஆனா நான் உக்காந்தா, நீங்க அவரக் கேக்க வேண்டியதக் கேக்காமயே போயிடுவீங்களோன்னுதான் பயம்.

எத வைக்கறதுன்னு நான் எழுத மாட்டேன். முகம் உங்களோடது.

அக்கா, படிச்சு முடிச்சதும் உன் போன அப்பா கையில குடு. அப்பா, வெள்ளிக்கெழம அந்த நாற்காலியில யாரு உக்காரணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.