ஆடி மாசத்து பீன்ஸ் வத்தல்

ஏகநாதன் பெருமையாக நீட்டிய பொட்டலத்தைப் பிரித்து, வேணி ஒரு பீன்ஸ் துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிய வேண்டியது, ரப்பர் மாதிரி வளைந்தது.

"ஏனுங்க, இதை எங்க கொண்டு போய்க் காய வெச்சீங்க?"

"ஃபேக்டரியிலதான். டிரையர்ல சூடு மிச்சம் இருந்துச்சு..." என்று இழுத்தான். டிரையர் ஓட்டுவதே அவன் வேலை. ஈரத் தேயிலைத் தூளையே நிமிஷத்தில் உலர்த்திவிடுகிற சூட்டுக்கு இந்த பீன்ஸ் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டான், மகராசன்.

ஆடி மாசத்தில், மலைமேல் இருக்கிற நடுவட்டத்தில் வெயிலா? துவைத்த துணியே நாள் கணக்கில் நனைந்து கிடக்கும். வேணி வருஷா வருஷம் தை வெயிலில்தான் வத்தல் போடுவாள். இந்த வருஷம் போட்டதெல்லாம் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகள் லீலாவதி ஜபல்பூரிலிருந்து போன் பண்ணினாள். மாப்பிள்ளைக்கு அங்கே துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள், ஆனால் தண்ணி குடித்தாலும் வாந்தி. டாக்டரம்மா எடை குறைகிறது என்று மிரட்டுகிறாராம். "உன்ற பீன்ஸ் வத்தல் ரெண்டு இருந்தா சோறு எறங்குமாட்ட இருக்குதும்மா" என்றவள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளையோடு வேலை செய்யும் லிங்கசாமி ஊருக்கு வந்திருந்தான்; லீவு முடிந்து நாளைக் காலை பஸ் ஏறுகிறான். அவனை விட்டால் ஆள் இல்லை.

போன் வந்த அன்றைக்கே வேணி எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் விளைந்த பீன்ஸில் விதை தடிக்காததாகப் பார்த்துப் பறித்தாள். நார் உரித்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, புளித்த மோரில் ஊறப்போட்டு, அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டைக் கட்டிப் பரப்பினாள். தணலில் மெல்லமெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த மெல்லமெல்லதான் ஏகநாதனுக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் அப்படியே வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"மேல காஞ்சிருக்குது. உள்ள பச்சையா நிக்குதுங்க. டப்பாவுல போட்டா ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பூத்துப் போகும்."

அவனுக்குச் சுருக்கென்றது. அவசரச் சூட்டில் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற தூளைக் கையில் அள்ளி, எத்தனை பேரை அவனே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான்! மகள் விஷயம் என்றதும் அத்தனையும் மறந்து போச்சு.

"கெடுத்துட்டனே வேணி" என்றான்.

திட்டுவாள் என்று பார்த்தான். அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கினாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத துண்டு. ஒன்றுகூடச் சிதையவில்லை. அம்மாடி, என்ன கை இது! இத்தனை வருஷம் இந்தக் கை போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு நாள் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லையே என்றிருந்தது அவனுக்கு.

"வாயப் பொளந்துட்டு நிக்காம, தணலைப் பாத்துக்குங்க. தீ எழும்பப்படாது."

ஊதாங்குழலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதாமல் காவல் இருந்தான். விடியலில் அவள் ஒரு துண்டை எடுத்தாள். பட்டென்று ஒடிந்தது. மோந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"டீத்தூள் வாசம் மட்டும் போகலைங்க. அந்தப் புள்ளைக்கு இருக்கற குமட்டலுக்கு இது ஒத்துக்குமோ என்னமோ."

வேறு வழியில்லை. லிங்கசாமி டப்பாவை வாங்கிக்கொண்டு போனான்.

ஊர் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் லீலாவதி கூப்பிட்டாள். இருவரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டார்கள்.

"பொரிச்சு சோத்துல வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்மா. இரு."

மொறுக் என்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வேணி கண்ணை மூடிக்கொண்டாள். வாந்திச் சத்தம் வரப்போகிறது என்று ஏகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா..."

"என்ன கண்ணு? கொமட்டுதா?"

"இல்லம்மா. சின்னதுல அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்து என்னைத் தூக்குவாருல்ல, அந்தச் சட்டை வாசம் அடிக்குது."

வேணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டான்.

போனில் மறுபடி, மொறுக்.