முட்டி போட்டு எடுத்த தீ

அன்று காலை கடையில் மூன்று பேர் இருந்தார்கள். தையல்காரர் மெஷினுக்குப் பின்னால், தன் முக்காலியில். மனைவி வாசற்படிக்கு உள்பக்கம், தெருவும் டிவியும் ஒரே பார்வையில் படுகிற இடத்தில். அவள் தம்பி, செய்திச் சேனல் கேமராக்காரன், துணி வெட்டும் மேசையின் விளிம்பில். கடையின் ஒரே நாற்காலியில் மகள் அறைக்கான நீலத் திரைச்சீலை மடித்துக் கிடந்தது.

கடல் தாண்டி வேலை பார்க்கும் மகள் மூன்று வருஷம் கழித்து அடுத்த மாதம் வருவதாக இருந்தது. ஆறு நாளைக்கு முன் அவள் அனுப்பிய கடைசிச் செய்தி: "டிவில நம்ம தெரு எரியுதேப்பா. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்." இவர் பதில் சொல்வதற்குள், ஊர்வலத்தைக் காரணம் காட்டி அரசாங்கம் ஊர் முழுக்கப் போனை முடக்கிவிட்டது.

டிவியில் மறுபடி அதே தீ. புகைக்குள் இவர்கள் கடைப் பலகை.

"எரிஞ்சது ஒத்தை டயர். ஊரே எரியற மாதிரி எப்படிடா காட்டினே?"

"முட்டி போட்டு எடுத்தேன்க்கா. கீழேர்ந்து எடுத்தா பெருசா தெரியும். ஊர்வலத்துல ஆயிரம் பேர் அமைதியா நடந்தாங்க, அதையும்தான் அனுப்பினேன். ஆபீஸ்ல வெட்டிட்டாங்க."

"நல்ல மாமன் வாய்ச்சான் என் பொண்ணுக்கு!"

தையல்காரர் எழுந்தார். "மாப்ள, அதே இடத்தை எடு. இந்தத் தடவை நின்னுகிட்டு."

வெளியே தெருவில், ஒரு குடையை விரித்தால் மறைந்துவிடும் கருப்புத் தடம். பக்கத்தில் மனைவி நின்றாள்.

"என்ன, கல்யாண போட்டோவா?" என்றார் எதிர் மருந்துக்கடைக்காரர்.

ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வந்தான் தம்பி. படத்தின் ஓரத்தில் கல் பட்டு உடைந்த கடைக் கண்ணாடியும் விழுந்திருந்தது.

"அந்த ஓரத்தை மட்டும் வெட்டிடுங்க," என்றாள் மனைவி. குரல் இறங்கியிருந்தது. "பார்த்தா வரமாட்டா."

கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரும் எடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

"வேண்டாம். வெட்டினதைப் பார்த்துதான் அவ வராம நின்னா. நாமளும் வெட்டினா அப்புறம் யாரை நம்புவா?"

மகளுக்கு வழக்கம்போல் எண் போட்டுக் கடிதம் எழுதினார்.

ஒன்று, எரிந்தது ஒரு டயர். அம்மாவை வைத்து அளவு பார்த்துக்கொள். இரண்டு, கடைக் கண்ணாடி உடைந்தது நிஜம், யாருக்கும் காயமில்லை. மூன்று, ஊர்வலம் இன்னும் நடக்கிறது. நாளை எப்படி என்று எனக்குத் தெரியாது.

நாலு என்று போட்டதும் பேனா நின்றது. வா என்று எழுத ஆசைதான். எழுதினால் அவள் பயத்தோடு வருவாள், அல்லது மன வருத்தத்தோடு வராமல் இருப்பாள்.

நாலு, உன் அறைத் திரைச்சீலையில் கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. ஜன்னலில் மாட்டி, நீ பார்த்து நீளம் சொல்லும்வரை தைக்க மாட்டேன்.

மனைவி நீலத்துணியின் வெட்டுத்துண்டு ஒன்றைப் படத்தோடு உறைக்குள் வைத்தாள். அவர் பசை தடவி, விரலால் இரண்டு முறை அழுத்தினார். தபால் நிலையம் பன்னிரண்டு மணிவரைதான். வேகவேகமாக நடந்து போய்க் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் கடிதத்தை நீட்டினார். முத்திரை விழுந்து, அது சாக்குக்குள் போகும்வரை நின்று பார்த்தார்.