கோரீனுக்காக ஒரு ஜெபம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டம். யாருக்காக ஜெபிக்க வேண்டுமென்று பாஸ்டர் கேட்டார். ஒருவர் தன் முழங்கால் வலியைச் சொன்னார். இன்னொருவர் தங்கள் கட்சியின் கவர்னர் வேட்பாளரைச் சொன்னார். மூன்று வாரமாகத் தயங்கிய லொரெட்டா எழுந்தாள்.

"என் மக கோரீனுக்காக ஜெபிங்க. செவ்வாய்க்கிழமை தேர்தல்ல நிக்கிறா."

அவள் நிற்பது எதிர்க்கட்சியில் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தோக்கணும்னா, சிஸ்டர்?" என்றார் சபையின் உதவி ஊழியரான டீக்கன் வெர்லின். சிரிப்பு எழுந்தது.

"வீடு வீடா போறா, பிரதர். உங்க நாய் கடிக்காம இருக்கணும்னு."

பாஸ்டர் கண்மூடி, வலிக்காரரையும் வேட்பாளரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்தார். கோரீன் பெயர் வரவில்லை. "வெளியே சொல்லாத விண்ணப்பங்களையும் கேட்டருளும்" என்று முடிக்கப் போனார்.

"நான் வெளிய சொல்லித்தானே கேட்டேன், பாஸ்டர்?" என்றாள் லொரெட்டா.