தலைகீழாக ஒரு நாற்பத்தேழு

கடையின் பின்வாசலில், சரக்கு இறக்கும் இடத்தில் எனக்கு வேலை. லாரியில் வரும் பெட்டிகளைக் கத்தியால் கீறிப் பிரித்து, உடைந்தது நசுங்கியது பார்த்து, நல்லதை உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்கட் பெட்டி ஒவ்வொன்றிலும் மேலாக ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பெட்டியை அடுக்கியவரின் எண்ணை அதில் ரப்பர் ஸ்டாம்பால் குத்தியிருப்பார்கள். பாக்கெட் குறைந்தால் பழியை யார் தலையில் போடுவது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. மற்றவர்கள் அந்தச் சீட்டைக் கசக்கி எறிவார்கள். நான் எறிவதில்லை. நாற்பத்தேழு என் வீட்டுக்காரர்.

நான்கு வருடமாக அவர் பக்கத்து நாட்டில், அந்த பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். இடையில் ஒரே ஒரு தடவை வந்தார், பதினெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். பேச்சென்றால் என்ன பேச்சு. அவர் அறையில் ஆறு பேர், அதில் ஒருத்தர் ஃபோர்மேன். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி வாயைத் திறக்க முடியாது. அதனால் லீவில் வந்திருந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊருக்குப் போகிற லோடு என்று தெரிந்தால், ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்துவார். நான் எடுத்து வைத்துக்கொள்வேன். பழைய கைப்பை ஒன்றில் அப்படி எண்பது சீட்டுக்கு மேல் இருக்கின்றன. அவர் கை பட்ட காகிதம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் எல்லையில் நம் லாரி டிரைவர்கள் பதினோரு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தப்பான சரக்கு ஏற்றினார்களாம். டிரைவர்களை விடுகிற வரைக்கும் அந்த நாட்டுப் பொருள் எதையும் வாங்கக் கூடாது என்று ஊரெங்கும் போஸ்டர் ஒட்டினார்கள். எங்கள் பகுதியில் முன்னால் நின்று ஒட்டியது யார் என்றால், என் கொழுந்தன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மூன்று பேர் சேர்ந்து நின்றால் போதும், ஒரு தீர்மானம் போட்டுவிடுவார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே தீர்மானம்தான். அண்ணன் அங்கே அடுக்குகிறார், தம்பி இங்கே தடுக்கிறார் என்று கடையில் என்னை ஓட்டாத ஆள் இல்லை.

பத்தே நாளில் எங்கள் முதலாளி பயந்துபோய், அலமாரியில் இருந்த அந்த நாட்டுச் சரக்கையெல்லாம் இறக்கச் சொன்னார். இறக்கியது நான்தான். இனி சீட்டு வராதே என்று அன்றைக்குக் கைப்பையிலிருந்த சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு போனில் வீட்டுக்காரர் சொன்னார்: "இந்த வாரம் ஓவர்டைம் இல்ல."

"ஏன்?"

"லோடு போகல."

போனை வைத்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. லோடு போகாவிட்டால் வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் ஆளை அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் எங்கே வருவார்? இங்கேதானே.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் என்னைவிடத் தீவிரமான ஆள் கிடையாது. மாடி வீட்டு அக்கா அந்த நாட்டு சோப்பு வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, படியிலேயே நிறுத்திப் பிடிபிடியென்று பிடித்தேன். பாவம், அவர் மறுநாளே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த தீர்மானத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தம்பி, நெஜமா சொல்லுங்க. இது வேலை செய்யுமா?"

"செய்யும் அண்ணி. மெதுவா செய்யும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படுறீங்களா?"

"போனா போகட்டும்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவங்க செஞ்சது தியாகம்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பதினோரு பெண்கள் புருஷனுக்காக அழுதுகொண்டிருக்க, நான் என் புருஷனுக்காகக் கொடி பிடிக்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் காறித் துப்பியிருப்பார்கள்.

மூன்றாவது மாதம், வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். நாலாவது மாதம் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். "அனுப்புற லிஸ்ட்ல எனக்கு மேல ரெண்டே பேரு" என்றார். குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்தேன். இரண்டாவது தலையணைக்கு உறை தைத்தேன். குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது, அவர் வந்தால் திட்டுவார் என்று ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன். இதையெல்லாம் பார்த்த மாடி வீட்டு அக்கா, "யாராவது விருந்தாளி வர்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஐந்தாவது மாதம் மஞ்சள் பெட்டியில் ஒரு புது பிஸ்கட் வந்தது. வேறு பெயர், வேறு நாடு. வாங்கலாம் என்கிற பட்டியலில் தீர்மானமே அதைச் சேர்த்திருந்தார். முதல் பெட்டியைக் கீறினேன். மேலே ஒரு துண்டுச் சீட்டு. பன்னிரண்டு. அடுத்ததில் முப்பத்தொன்று. ஐந்தாவது பெட்டியில் நாற்பத்தேழு. தலைகீழாக.

அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதே தொழிற்சாலை, அதே கை, அட்டையை மட்டும் மாற்றி வேறு நாட்டு வழியாக அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான். சீட்டைக் கொழுந்தனிடம் கொடுத்தால் ஒரே நாளில் மஞ்சள் பெட்டியும் இறங்கிவிடும். லிஸ்டில் மேலே இருக்கும் இரண்டு பேரும் போய்விடுவார்கள், அடுத்து என் வீட்டுக்காரர்தான்.

சாயங்காலம் தீர்மானமே வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். கையோடு கொண்டுவந்த மஞ்சள் பாக்கெட்டைப் பிரித்து, டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "அந்தக் கம்பெனியோடத விட இது நல்லாவே இருக்கு அண்ணி" என்றார். என் முந்தானையில் சீட்டை முடிந்துவைத்திருந்தேன். அவிழ்க்கக் கை போனது. ஆனால், என் வீட்டுக்காரர் தலைகீழாகக் குத்தியிருக்கிறாரே, 'தப்பித்தேன், வேலை நிலைத்துவிட்டது' என்று சந்தோஷமாகச் சொல்கிறாரே, அதில் நானே எப்படி மண்ணைப் போடுவது? கையை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டுக்காரரே ஆரம்பித்தார். "சரக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"யாருக்கும் காட்டல. பத்திரமா வெச்சிருக்கேன்."

"சரி" என்று மெதுவாக இழுத்தார். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து டிரைவர்களை விட்டுவிட்டார்கள். பிஸ்கட்டால் விட்டார்களா, இரண்டு அரசாங்கமும் உள்ளுக்குள் ஏதாவது பேசிக்கொண்டதா, யாருக்குத் தெரியும். ஊரே பஸ் நிலையத்தில் திரண்டிருந்தது. நானும் போயிருந்தேன். ஒவ்வொருவராக இறங்க இறங்க, ஒவ்வொரு பெண்ணாக ஓடினாள். உள்ளே உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தீர்மானம் மைக்கை நீட்டினார். "டீயும் அந்த பிஸ்கட்டும்தாங்க. விக்காம குவிஞ்சு கெடந்துச்சாம், தெனமும் அதேதான்" என்றார் வயதான டிரைவர் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். பதினோராவது ஆளும் இறங்கிய பிறகு கதவைச் சாத்தினார்கள். நான் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு அவர் அறையில் ஃபோர்மேன் இல்லை. இருந்தாலும் இனி மறைக்க எதுவும் இல்லை. என்னால் அடக்க முடியவில்லை.

"உங்கள அங்கேருந்து அனுப்பிடணும்னுதான் ஆறு மாசமா கொடி பிடிச்சேன். டிரைவருங்களுக்காக இல்ல. எனக்கு நீங்க வேணும்."

"அப்புறம் ஏன் சீட்ட ஒளிச்சு வெச்ச?" என்றார். "நீ அதத் தம்பிகிட்ட காட்டுவன்னுதான் தலைகீழா குத்தினேன். நானா விட்டுட்டு வந்தா ஓடி வந்தவன்னு சொல்வாங்க. அவங்களா அனுப்பினா ஒருத்தனும் கேக்க மாட்டான். அந்த லிஸ்ட்ல என் பேரு எப்ப வரும்னு தெனமும் பாத்துட்டிருந்தேன்."

புது உறை போட்ட தலையணை மடியில் இருந்தது.

"ஓடி வந்தவன்னே சொல்லட்டும்" என்றேன் கடைசியில். "ஓடி வாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.

இன்றைக்கு லாரி வந்திருக்கிறது, முப்பது பெட்டி. வந்து சேர மூன்று வாரம் ஆகிற சரக்கு, அந்த ஞாயிற்றுக்கு முன்பே அடுக்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், நாற்பத்தேழு இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கீறுகிறேன்.