மறுபடி கூப்பிடுகிறவர்கள்

ஆபீசில் அவளுக்கு 'வட்டக்காரி' என்று பட்டப்பெயர். வேலை அப்படி. ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி அனுப்பப்போகும் புதுக் கணினி கூட்டத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குத்தான் பெட்ரி வலை என்ற படம். வட்டம் என்றால் காத்திருக்கும் இடம். கோடு என்றால் ஒரு வேலை, அதற்கு ஆகும் நேரம். புள்ளி என்றால் ஓர் அழைப்பு. பாதை பிரியும் இடத்தில் புள்ளி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நிகழ்தகவு. புள்ளிகளை ஓடவிட்டாள், எங்கேயும் நெரிசல் இல்லை. 'தாங்கும்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். நாளை திறப்பு.

பிறகு ஏன் இருப்புக்கொள்ளவில்லை? எழுந்தாள், உட்கார்ந்தாள், காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்தாள். நடுவில் அக்கா வேறு. துண்டிக்கத் துண்டிக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலன்னா விடமாட்டியாக்கா?" என்று எரிந்து விழுந்தாள்.

"பூட்டுன வாசல்ல நிக்கிறேன்டி. சாவி உன் பையில. உன்ன விட்டா நான் யாரக் கூப்பிடுவேன்?"

வட்டக்காரிக்குச் சுருக்கென்றது. சாவியை ஆள் மூலம் அனுப்பிவிட்டுப் படத்தின் முன்னால் ஓடினாள். காத்திருந்து வெறுத்துப்போய்த் துண்டிப்பவர்களை ஓர் ஓரத்து வட்டத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து வெளியே வர அம்புக்குறியே இல்லை. எந்த மடச்சி அப்படி வரைவாள்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? அம்பை வரிசையின் தொடக்கத்துக்குத் திருப்பினாள். துண்டித்தவர்கள் திரும்ப வந்தார்கள். வரிசை நீண்டது, இன்னும் பலர் துண்டித்தார்கள், அவர்களும் திரும்ப வந்தார்கள். படத்தில் புதுக் கணினி திணறிப்போய் நின்றது.

மேலாளருக்கு முகம் தொங்கிவிட்டது. "ஊரக் கூட்டியாச்சு. நீதானேம்மா கையெழுத்துப் போட்ட?"

"தப்புப் பண்ணிட்டேன் சார்." வேலை போய்விடும் என்ற பயத்தோடே படத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"எல்லாருமா மறுபடி கூப்பிடப் போறாங்க? கொஞ்சம் பேர் விட்டுடுவாங்கல்ல? அவங்கள மட்டும் இங்கயே வெச்சுப் பாரேன்." ஓரத்து வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"பார்த்துட்டேன் சார். அதுல எவ்வளவு பேர் கூடுறாங்களோ, அவ்வளவு நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன?"

"ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டவங்க சார். மறுபடி கூப்பிடலன்னா…"

மேலாளர் குனிந்து, அவள் அந்த வட்டத்துக்கு வைத்திருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"போய்விட்டவர்கள்."

சூடு பட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார். திறப்பை நிறுத்தச் சொல்லப் போனைத் தேடினார்.