இரண்டாவது டெங்கு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெனிஸ்டனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் கிளினிக் டாக்டர் நேசக்குமார். மனைவி ஜெபசுதா நகரவில்லை. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். புருஷனின் கை ஜில்லிட்டுக் கிடந்தது.

"சார், இவுகளுக்கு டெங்கு ரெண்டாவது தடவை. வயிறு வலிக்குதுன்னு சொல்லுதாக, வாந்தி வேற. இன்னொருக்க ரத்தம் பாருங்க."

"ஏற்கெனவே வந்துட்டுல்லா டீச்சர்? உடம்புல எதிர்ப்பு இருக்கும்" என்று சிரித்தார் டாக்டர்.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. டெங்கு வைரஸில் நான்கு வகை. பழைய வகைக்காக உருவான எதிர்ப்புப் புரதம் புதிய வகையைப் பற்றிக்கொள்ளும், ஆனால் முடக்காது. கிருமியைக் கொல்ல வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிடும். உள்ளே அது பெருகும். அந்த வெள்ளணு அனுப்ப வேண்டிய அபாயக் குறிப்பும் அமுங்கிப்போகும். பிறகு அந்தக் குறிப்புகள் ஒரேயடியாகப் பொங்கும்போது ரத்தக்குழாய்கள் கசியும், அதுவும் காய்ச்சல் விடுகிற நேரத்தில். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லைதான். ஆனால் அறிகுறி கண்ணெதிரே இருக்கும்போது சிரிப்பதா?

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு விரைந்தாள். "ஏளா, கண்ணு இருட்டுது" என்று பெனிஸ்டன் அவள் தோளில் சரிந்தான். அங்கே பார்த்தபோது ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். ஒரு வாரம் போராடிப் பிழைத்தான்.

அவனை வீட்டில் விட்டதும் ஜெபசுதா நேரே நேசக்குமாரின் கிளினிக்குக்குப் போனாள். அங்கே இசக்கிச்செல்வி என்ற பெண் துவண்ட மகளை மடியில் வைத்திருந்தாள். "முன்னாலயே டெங்கு வந்த பிள்ளைதான? காய்ச்சலும் விட்டாச்சு, பயமில்ல" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டர்.

"இன்னும் இதையேதான் சொல்லுதீங்களா சார்? எங்க வீட்டுக்காரவுகளும் வயித்துவலின்னுதான் சொன்னாக, பெரியாஸ்பத்திரியில போராடிப் பிழைச்சு வந்திருக்காக."

"உங்க வீட்டுக்காரர்தான் பிழைச்சுட்டாருல்லா? அப்புறம் என்ன?"

"உங்க பேச்சைக் கேக்காததால பிழைச்சாக!"

"சத்தம் போடாதீங்க, இது ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரின்னு நம்பித்தான வந்தோம்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கிச்செல்வி எழுந்தாள். "சார், எம்புள்ளையும் வயித்துவலின்னுதான் அழுதா. ரத்தம் பாருங்க. இல்லன்னா இந்த அக்காகூட பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

ரத்தம் எடுக்கச் சொல்லி டாக்டர் நர்ஸுக்குக் கைகாட்டினார். முடிவு வரும்வரை ஜெபசுதா அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழாய் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டிருந்ததைத் தாளில் பார்த்ததும் நேசக்குமாரின் முகம் வெளிறியது. தாமே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயோடு ஏறிய ஜெபசுதாவுக்குக் கோபம் துளியும் ஆறவில்லை.